எட்டுப் பலகை, எட்டுக் கல்

சுலோசனா கழுவின டம்ளரையே மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. அதனால்தான் கை நிற்கவில்லை. சண்டை என்றால் எந்த அறையில் நடக்கிறது, யார் தோற்கிறார்கள் என்றாவது தெரியும். இந்த வீட்டில் வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து எல்லோரும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். 'உப்பை இந்தப் பக்கம் நகர்த்த முடியுமா' என்கிற அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

காரணம் மகள் நிஷா. புனேயில் ஒரு பெரிய கட்டடக் கலை நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. போவதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா முடிந்த பிறகு சொல்வாளாம்.

"அந்தச் சுவர் தொறக்கட்டும்ப்பா. அப்புறம் பேசலாம்."

"வெரி குட்" என்றார் அப்பா ரவிச்சந்திரன். சொல்லிவிட்டு ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையைக் கோப்பு ஒதுக்குவதுபோல ஓரமாக ஒதுக்கினார்.

ரவிச்சந்திரன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மண்டல மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவுபசாரத்தில் போட்ட மாலை வாடுவதற்குள், அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளின் கூட்டமைப்புக்குத் தலைவராகிவிட்டார். சில பேருக்கு ஓய்வு பெற்றதும் ரத்த அழுத்தம் வரும். இவருக்குத் தலைமை உரை வந்தது.

அந்த உரைகளில் ஒன்றிலிருந்து பிறந்ததுதான் கலை மையம். ஏரிக்கரைச் சாலையில் பூட்டிக் கிடந்த தண்ணீர் கேன் கம்பெனி ஷெட். அழைப்பிதழில் 'பன்முகப் பயன்பாட்டுச் சமுதாயக் கலை மையம்' என்று போட்டிருக்கிறது. ஆனால் ஆட்டோக்காரரிடம் 'கேன் கம்பெனி' என்றால்தான் வண்டி நகரும். செலவு அடுக்குமாடிக்காரர்களுடையது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்தது, புதிதாகப் பூசியது, வெள்ளையடித்தது எல்லாம் பின்னாலிருக்கும் காலனி இளைஞர்களின் ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு தரப்புக்கும் பொது என்று பேச்சு. வடிவமைத்தவள் நிஷா. தலைவரின் மகள் என்பதால் சம்பளம் கிடையாது. அதைத் தலைவர் 'நேர்மை' என்று மேடைகளில் குறிப்பிடுவார்.

யாருக்கு என்ன தேவை என்று கேட்க நிஷா ஒரு கூட்டம் போட்டாள். கேட்டிருக்கவே கூடாது. பரதநாட்டிய டீச்சருக்கு மரத்தரை வேண்டும். யோகா மாஸ்டருக்கு நிசப்தம் வேண்டும். சிரிப்பு கிளப்புக்கு எதிரொலி வேண்டும். ஜெபா டீச்சரின் கிறிஸ்துமஸ் கேரல் குழுவுக்கு உயரமான கூரை வேண்டும், சக்கர நாற்காலியில் வரும் அவருடைய தங்கைக்குப் படியில்லாத வாசல் வேண்டும். காலனியின் அங்காளம்மன் பம்பைக் குழுவுக்கு, அடித்தால் அடுத்த நிமிஷம் யாரும் போலீசுக்குப் போன் செய்யாத ஓர் இடம் வேண்டும். இத்தனை பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். அவரவருக்குத் தனி அறை வேண்டும்.

நிஷா கொடுத்தது ஒரே கூடம். நடுவில், கூரையோடு ஒரு தண்டவாளம். அதிலிருந்து தொங்கும் எட்டு மரப் பலகைகள். எட்டும் சேர்ந்து நின்றால் சுவர், இரண்டு அறை. தள்ளினால் ஒவ்வொன்றும் கதவுபோலத் திரும்பி, நகர்ந்து, ஓரமாகப் போய் அடுக்கிக்கொள்ளும். கூடம் ஒன்றாகிவிடும். ஒற்றை விரல் போதும் என்று நிஷா சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஜெபா டீச்சர் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார்.

நாளை விழாவின் முதல் நிகழ்ச்சியே அந்தச் சுவர்தான். அது திறக்க வேண்டும். ஏரிப் பக்கமிருந்து சுலோசனாவும் அடுக்குமாடிப் பெண்களும், சாலைப் பக்கமிருந்து கன்னியம்மாவும் காலனிப் பெண்களும் பாடிக்கொண்டே வந்து நடுவில் வட்டமாக நிற்க வேண்டும். இரண்டு மாதமாக மொட்டை மாடியில் ஒத்திகை. கன்னியம்மா அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீனில் சமைக்கிறவள். அவள் எடுத்துக் கொடுக்கும் குரலில் ஷிப்ட் சங்கே கூச்சப்படும்.

டம்ளரை நான்காவது தடவை எடுத்தபோது போன் அடித்தது. கன்னியம்மாவின் மகன் சந்தோஷ்.

"ஆன்ட்டி, செவுரு தொறக்க மாட்டேங்குது."

"உள்ள ஏன்டா போனீங்க? பாலிஷ் காயலைன்னு சொன்னாங்களே?"

"இன்னா பாலிஷ்? தரை காஞ்சி கருவாடா கீது. நீ வந்து பாரு ஆன்ட்டி. நிஷாக்காவையும் இட்டாந்துடு."

வெள்ளிக்கிழமை முழுக்க, 'தரை ஈரம், யாரும் உள்ளே செல்ல வேண்டாம்' என்று வாட்ஸ்ஆப் குழுவில் கூவிக்கொண்டிருந்த ரவிச்சந்திரன் இப்போது குளியலறைக்குள் இருந்தார். "பெருமக்களே..." என்று உள்ளிருந்து குரல் வந்தது. பக்கெட் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க, மையத்துல என்ன நடந்துச்சு?"

"சுலோ, உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. பத்து மணிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் இதுவரை தந்த சர்ப்ரைஸ்களில் கல்யாண நாளுக்கு வந்த இன்வெர்ட்டர்தான் சிறந்தது.

நிஷா ஏற்கெனவே ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள்.

* * *

சுவர் இருந்தது. அதன்மேல் இன்னொரு சுவர் இருந்தது.

எட்டுப் பலகைகளிலும், ஏரியைப் பார்த்த பக்கம், நெஞ்சு உயரத்தில் ஒவ்வொரு கறுப்பு கிரானைட் கல். மூலைக்கு மூலை பித்தளை ஸ்க்ரூ. பொன்னெழுத்தில் உபயதாரர் பெயர், பட்டம், வகித்த பதவிகள், வகிக்கவிருந்த பதவிகள். ஸ்ரீநாத் டாக்டரின் கல்லில் எழுத்துக்கு இடம் போதாமல் அவர் படித்த பட்டங்கள் இரண்டு பத்தியாக ஓடின.

நிஷா ஓரத்துப் பலகையில் விரலை வைத்தாள். பிறகு கையை வைத்தாள். பிறகு தோளை வைத்தாள். பலகை கனத்தில் தாழ்ந்து அடிப்பக்கம் தரையைக் கவ்விக்கொண்டிருந்தது. முட்டினால் முனகியது. அவ்வளவுதான்.

கன்னியம்மா இடுப்பில் கைவைத்து நின்று எட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னா யக்கா இது, உசுரோட கீறப்பவே எல்லாருக்கும் கல்லு நட்டுட்டீங்க?"

"கன்னியம்மா!"

"மூணாவது நாள் பால் ஊத்தவும் நாங்கதான் வரணுமா?"

சந்தோஷ் சிரித்துவிட்டு, நிஷாவின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான். கற்களைப் பதித்த வேம்புலி மூலையில் கருவிப் பையை மூடிக்கொண்டிருந்தார். தனக்கும் இந்த உலகத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஒரு முகம்.

"யார் பதிக்கச் சொன்னது?" என்றாள் நிஷா.

"தலைவரு. ரகசியமா செய்யணும்னாரு. ஒரு நாள் பூரா கதவைச் சாத்திகினு டிரில்லு போட்டேன், காது போச்சு."

வாசலில் கார் நின்றது. முதலில் ரவிச்சந்திரனின் சிரிப்பு இறங்கியது. பிறகு அவர். பின்னால் செயலாளர் திருமுருகன். சாஃப்ட்வேர் கம்பெனியில் மேலாளர், எந்தக் கூட்டத்திலும் இரண்டு கருத்துகளையும் ஆதரிக்கத் தெரிந்தவர்.

"அடடா, எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களா!"

"என்னப்பா இது?"

"உபயம்" என்றார் ரவிச்சந்திரன், தீபாராதனை காட்டுகிற மாதிரி கையை விரித்து.

"இது நகர்ற சுவர்ப்பா."

"அதுதாம்மா பிரச்சினையே. நீ மடக்கி அடுக்கினா எல்லார் பேரும் உள்ள போயிடுது. முன்னாடி நிக்கிற ஒருத்தர் பேருதான் தெரியும். அந்த முன்னாடி யாருன்னு கமிட்டி மூணு கூட்டம் பேசிச்சு. தெரியுமா உனக்கு? ஸ்ரீநாத் சார் பாதியில எந்திரிச்சுப் போயிட்டார்."

நம் ஊரில் கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தால் அதன்மேல் 'உபயம்' என்று சிவப்பு பெயின்டில் எழுதுவார்கள். கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், கடை பெயர் எல்லாம் எழுதி முடித்த பிறகு எழுத்துக்கு நடுவில் கிடைக்கிற சந்தில் வெளிச்சம் வந்தால் உண்டு. அம்மன் இருட்டில்தான் நிற்பாள். ஆனால் யார் புண்ணியத்தில் இருட்டு என்று தெரியும். ரவிச்சந்திரனின் கமிட்டி அந்த மரபில் வந்தது. கல் பதித்தால் பலகை கனக்கும் என்று அதில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல் கனமாக இருக்குமா என்று கேட்டபோது, இருக்கும் என்று தெரிந்து மகிழ்ந்திருக்கிறார்கள்.

"காம்பவுண்டு சுவர்ல பதிச்சிருக்கலாமே?"

"அங்க சினிமா போஸ்டர் ஒட்டுவாங்க. அதுக்குக் கீழ நாய் வந்து..." ரவிச்சந்திரன் மேற்கொண்டு சொல்லவில்லை. தலைவர் பதவிக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. "அப்பப்போ தொறக்க முடியாமப் போனா என்னம்மா? பாரு, எவ்வளவு கம்பீரமா நிக்குது!"

"அப்பப்போ இல்லப்பா. எப்பவுமே."

இந்த இடத்தில் திருமுருகன் தொண்டையைக் கனைத்தார்.

"சார், பாசிடிவா பார்த்தா இதுவும் நல்லதுக்குத்தான். ஏரிப் பக்கம் நம்ம டான்ஸ், யோகா. ரோட்டுப் பக்கம் அவங்க பம்பை, டிரம் எல்லாம். ரெண்டு பக்கமும் வாசல் இருக்கு. யாருக்கும் யாரும் தொந்தரவு இல்ல. கான்ஃப்ளிக்டே வராது."

கன்னியம்மா இடுப்பிலிருந்து கையை இறக்கினாள்.

"சார்," என்றாள் கன்னியம்மா, ரொம்பப் பணிவாக. சுலோசனா அந்தப் பணிவைக் கேட்டதும் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "கக்கூசு எந்தப் பக்கம் சார் கீது?"

திருமுருகன் ஏரிப் பக்கத்து மூலையைப் பார்த்தார். பார்த்ததைப் பார்க்காத மாதிரி போனைப் பார்த்தார்.

"தண்ணிக் குழா?"

திருமுருகனின் கட்டைவிரல் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"எங்க பக்கம் இன்னா கீதுன்னு நானே சொல்றேன். உங்க கல்லோட நட்டு போல்ட்டு கீது. வாடா சந்தோஷு, நம்ம பக்கம் போலாம். சார் பிரிச்சிக் குடுத்துட்டாரு."

"ஏம்மா, நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் வெயில்ல சுத்திகினுதான் சார் போவணும்."

தாயும் மகனும் வெளியே போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் போக இனி கட்டடத்தைச் சுற்றித்தான் வழி.

சுலோசனா கணவரைப் பார்த்தாள். சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாத சாமான்போல. இவர் இதை யோசிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். வஞ்சகம் செய்வதற்கு அவரிடம் நேரம் கிடையாது. இருக்கிற நேரமெல்லாம் மேடைக்கே போய்விடுகிறது. ஆனால் யோசிக்காதவர் கட்டினாலும் சுவர் சுவர்தான்.

"கழட்டச் சொல்லுங்கப்பா" என்றாள் நிஷா.

"நாளைக்கு உபயம் குடுத்தவங்க எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க. எம்.எல்.ஏ. வர்றார். கல்லு எங்கேன்னு கேட்டா நான் என்னம்மா சொல்வேன்? வாக்கு குடுத்துட்டேன்."

"அவங்களுக்குக் குடுத்த வாக்கு. சரி. காலனிக்குக் குடுத்தது? எனக்குக் குடுத்தது?"

"விழா முடியட்டும். ஒரு சப்கமிட்டி போட்டு..."

நிஷா தலையை ஆட்டினாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சுவர் தொறந்தப்புறம் சொல்றேன்னு சொன்னேன் இல்ல? இனிமே காத்திருக்கறதுல அர்த்தம் இல்ல. புனேக்கு வர்றேன்னு இப்பவே சொல்லிடறேன்."

போனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் இறங்கிப் போனாள்.

சுலோசனாவுக்கு அவள் பின்னால் ஓட வேண்டும்போல் இருந்தது. கன்னியம்மாவின் பின்னாலும் ஓட வேண்டும்போல் இருந்தது. இரண்டும் வேறு வேறு வாசல். எங்கே போவதென்று தெரியாமல் அவள் சுவரோரமாகவே நடந்தாள், ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டு. ஸ்ரீநாத் டாக்டர். பில்டர் டில்லிபாபு. ஜெபா டீச்சரின் காலஞ்சென்ற கணவர்.

நான்காவது கல்லில் நின்றாள்.

'உபயம்: திருமதி சுலோசனா ரவிச்சந்திரன், எம்.ஏ.'

"அதுதான் சர்ப்ரைஸ்" என்றார் பின்னாலிருந்து ரவிச்சந்திரன். குரலில் மைக் இல்லை. "உன் பேரு எங்கயுமே வந்ததில்ல சுலோ. கேஸ் கனெக்‌ஷன்கூட என் பேர்லதான். நீ எம்.ஏ.ன்னு நம்ம அபார்ட்மென்ட்ல ஒருத்தருக்கும் தெரியாது. அதனால என் கல்லுக்கு முன்னாடியே உன் கல்லைப் பதிக்கச் சொன்னேன்."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள் என்று பயம். எம்.ஏ. படித்ததை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். எழுத்து நன்றாக இருந்தது. 'சு'வின் வளைவு அத்தனை அழகாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் தடவினாள். பொய் சொல்வானேன், ஒரு போட்டோ எடுத்து மதுரையிலிருக்கும் தங்கைக்கு அனுப்பலாமா என்றுகூட நினைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பம்பை ஒலித்தது. சந்தோஷ் வேண்டுமென்றே ஓங்கி அடிக்கிறான். அதன்மேல் ஏறி கன்னியம்மாவின் குரல். அவளுடைய வரியைப் பாடி முடித்துவிட்டு, சுலோசனா பாட வேண்டிய வரி வரும் இடத்தில் நிறுத்தினாள். பம்பை மட்டும் காத்துக்கொண்டு நின்றது. பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"வேம்புலி," என்றாள் சுலோசனா. "இந்தக் கல்லைக் கழட்டுங்க."

"சுலோ!"

"தலைவரு சொன்னாத்தாம்மா கழட்ட முடியும்" என்றார் வேம்புலி. "இல்லன்னா கமிட்டி சொல்லணும்."

"யார் பேரு போட்டிருக்கு?"

"உங்க பேரும்மா."

"என் பேருக்கு நான்தான் கமிட்டி. கழட்டுங்க."

வேம்புலி ரவிச்சந்திரனைப் பார்த்தார். ரவிச்சந்திரன் திருமுருகனைப் பார்த்தார். திருமுருகன், முக்கியமான ஓர் அழைப்பு வந்துவிட்டதாகச் சொல்லி, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"உனக்காகத்தானே பண்ணேன்" என்றார் ரவிச்சந்திரன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியுதுங்க. ரொம்ப நல்லா இருக்கு. நிஜமா." சுலோசனா இப்போது திரும்பிப் பார்த்தாள். கண் நனைந்துதான் இருந்தது. "ஆனா என் பேரு வழியை அடைச்சிக்கிட்டு நிக்கறதை என்னால பார்க்க முடியல."

தலைமை உரைக்கே பிறந்தவருக்குச் சொல் கிடைக்கவில்லை என்பதை வேம்புலி அனுமதி என்று எடுத்துக்கொண்டார். பையைத் திறந்தார்.

ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி ஸ்க்ரூ கழன்றபோது கல் சரிந்தது. யாரும் எதிர்பார்க்காமல் ரவிச்சந்திரன் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டார். பிறந்த குழந்தையை முதல் தடவையாகக் கையில் வாங்கியவர்போல, எந்தப் பக்கம் தலை என்று தெரியாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கனம் இறங்கிய பலகை, மூச்சு வாங்கியதுபோல லேசாக மேலே எழும்பியது. சுலோசனா விரலை வைத்தாள்.

திரும்பியது.

இரண்டு பக்கத்துப் பலகைகளும் அசையாமல் நின்றதால் அது ஓரத்துக்கு நகர வழியில்லை. ஒரு கதவு அகலத்துக்கு மட்டும் இடைவெளி. அந்த இடைவெளியில் கன்னியம்மா நின்றாள், பாதிப் பாட்டில் வாயைத் திறந்தபடி. பின்னால் பம்பையோடு சந்தோஷ்.

"இன்னா யக்கா, இவ்ளோதானா?"

"இப்போதைக்கு இவ்வளவுதான். வா இந்தப் பக்கம்."

"நீ வா. தெனமும் நாங்கதான் சுத்திகினு வரணுமா?"

"ஒருத்தர்தான் நுழையலாம்டி. நீ மொதல்ல நகரு, நடுவுல நிக்கிறியே!"

"நகர்றேன், நகர்றேன். வரியை விட்டுட்டியே. மொதல்ல அதைப் பாடு."

சுலோசனா பாடினாள். குரல் மெல்லத்தான் வந்தது. சந்தோஷ் அதற்குத் தகுந்த மாதிரி அடியைக் குறைத்தான்.

ஏரிப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கரையில் நிஷா நிற்பது தெரிந்தது. காதில் போன். எதிர்முனையில் யாரோ பேசுகிறார்கள் போலிருந்தது. பாட்டுச் சத்தம் அங்கே எட்டியிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டே கட்டடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வேம்புலி ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார். அதிலிருந்த கல்தான் எட்டிலும் பெரியது. ரவிச்சந்திரன் என்ற பெயரை எட்டு அடி தள்ளியிருந்தும் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம்.

"சார்," என்றார், மனைவியின் கல்லைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்ற தலைவரிடம். "அடுத்தது உங்களுது. கழட்டவா, இல்ல, சாப்புட்டு வரட்டா?"